இரவல் வந்த மாடன்

1

இந்த வருஷம் எங்கள் கொடை விழாவுக்கு ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மகனைப் பார்க்கப் பம்பாய்க்கு வந்தவர், தாராவியில் உடைமரத்து மாடனுக்குக் கொடை நடக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கள் சந்துக்கும் வந்துவிட்டார். பீடத்தைச் சுற்றிப் பார்த்தார். சாமி வந்து வாக்குச் சொன்னபோது காதில் கையை வைத்துக் குனிந்து கேட்டார். "என்னடே, உங்க சாமி ரகசியம் பேசுது?" என்றார். பொங்கல் சாப்பிட்டுக் கை கழுவும்போது, பொதுவாக எல்லோரையும் பார்த்து இன்னொன்று கேட்டார்.

"எல்லாம் சரிதாம்டே. பிடிமண் யாரு குடுத்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போல, குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். பின்னால் ஒரு இளவட்டம் சொன்னது காதில் விழுந்தது.

"யூனிவர்சிட்டி லைப்ரரியில எடுத்தது, தாத்தா."

தம்மைக் கேலி செய்வதாகப் பெரியவர் நினைத்துவிட்டார். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வெற்றிலைகூட வாங்கவில்லை. தாராவிக்காரர்கள் ஏதோ கள்ள மண்ணை வைத்துச் சாமி கும்பிடுகிறார்கள் என்று இப்போது ஊரில் பேச்சாம். அதனால்தான் ஊர்க்காரர்களான உங்களுக்கு இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் எழாது. காகிதம் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. அது ஒரு சௌகரியம்.

அந்த இளவட்டம் சொன்னது நிஜம். எங்கள் மாடனுக்குப் பிடிமண் எடுத்தது, நான் சிப்பாயாக, அதாவது பியூனாக, வேலை பார்க்கும் சர்வகலாசாலைப் புத்தகசாலையில்தான்.

பிடிமண் என்றால் உங்களுக்குத் தெரியும். ஊரை விட்டுப் போனவர்கள் புது இடத்தில் சாமியை நிறுத்த வேண்டுமானால், தாய்க்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, வழியில் தரையில் வைக்காமல் கொண்டுவந்து, புதுப் பீடத்துக்கு அடியில் போட வேண்டும். அந்த மண் இல்லாவிட்டால் பீடம் வெறும் செங்கல்தான். நாங்கள் தாராவியில் நிலைத்த பிறகு, மண் கேட்டு ஊருக்கு எழுதினோம். நீங்கள் கூட்டம் போட்டுப் பேசி, கொடுப்பதற்கில்லை என்று எழுதினீர்கள். மண்ணைக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதற்கு நீங்கள் ஊருக்கு வரப்போகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். கடிதம் சந்தில் கைக்குக் கை மாறிப் போயிற்று.

2

பேச்சிமுத்து அண்ணாச்சிதான் எங்களுக்குச் சாமியாடி. வடாலா உப்பளத்தில் மூட்டை தூக்குகிறார். ஊரில் இருந்தபோது, வில்லுப்பாட்டில் மாடன் பிறந்த கதை ஆரம்பித்தாலே போதும், அண்ணாச்சிக்கு முதுகு சிலிர்த்துவிடும். பிடித்து நிறுத்த நாலு பேர் வேண்டும். அந்த அண்ணாச்சிக்குப் பம்பாயில் சாமி வரவில்லை.

மண் கிடைக்காத வருஷங்களிலும், ஒரு செங்கல்லை நட்டுவைத்துக் கொடை மாதிரி ஒன்று நாங்கள் நடத்தித்தான் வந்தோம். மேளத்துக்கு ஆள் இருந்தது. கதை பாட ஆள் இல்லை. நம் ஊர் வில்லுக்காரர் யுத்தம் தொடங்கியபோது காலமாகிவிட்டார். அண்ணாச்சி சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, கையில் மணி கட்டிய வல்லய ஈட்டியைப் பிடித்து, செங்கல் முன்னால் நிற்பார். மேளக்காரன் கை ஓய அடிப்பான். அண்ணாச்சி கண்ணை மூடுவார், திறப்பார். மறுபடியும் மூடுவார். டிராமுக்குக் காத்து நிற்கிறவர் மாதிரியே இருக்கும்.

அண்ணாச்சியின் மனைவி சண்முகத்தாய் மதினிக்கு வாய் சும்மா இருக்காது. "ரெண்டு உப்பு மூட்டையைத் தூக்கித் தலையில வைங்க. ஆட்டம் தன்னால வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். வீட்டுக்குப் போய் அவர் சாப்பிடவில்லை என்று மதினியே மறுநாள் குழாயடியில் என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதாராம்.

யுத்தம் முடியாத அந்த வருஷம், கொடைக்கு முந்திய மாதம் சந்தில் கூடிப் பேசினார்கள். இந்தத் தடவையும் அண்ணாச்சிக்குச் சாமி வராவிட்டால், வல்லயத்தை அவருடைய சித்தப்பா மகனிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அந்த ஆளுக்கு ஆட்டம் வரும், சந்தேகமில்லை. கணபதி ஊர்வலத்தில் மராட்டிக்காரர்கள் அடிக்கிற மேளத்துக்கே வரும்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சுப்பையா, கதை வேணும்ல. அவன் கதையைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அவன் வருவான். சும்மா டம்மு டம்முன்னு அடிச்சா, யாரைக் கூப்பிடுதான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"கதை யாருக்கும் தெரியாதே அண்ணாச்சி."

"நம்மூர் பண்ணையார் புஸ்தகமா அச்சுப் போட்டாருல்லா? நீ புஸ்தகத்துக்குள்ளயே கெடக்கவன்தான. ஒரு புஸ்தகம் கொண்டாந்துர மாட்டியால?"

அப்படி ஒரு புத்தகம் உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பண்ணையார் தம் செலவில் மாடன் கதையை அச்சிட்டு, கட்டுக் கட்டாகக் கோயில் வளாகத்துச் செம்மண் தரையிலேயே வைத்திருந்தார். பாதி இலவசமாகப் போயிற்று, பாதியைச் செல் தின்றது. ஊரில் இப்போது ஒன்றுகூட இல்லை. எனக்கு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை. அண்ணாச்சி சரி என்று எடுத்துக்கொண்டார்.

3

எங்கள் புத்தகசாலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புரொபஸருக்கு வேண்டிய புத்தகம் இங்கே இல்லையென்றால், கல்கத்தாவிலோ சென்னையிலோ உள்ள வேறு புத்தகசாலைக்கு எழுதி இரவல் வாங்குவார்கள். பார்சல் வந்தால் அரக்கு முத்திரையை உடைத்துத் தூசி தட்டி வைப்பது என் வேலை. கடிதப் போக்குவரத்து கிருஷ்ணய்யருடையது. மாதுங்காவில் இருக்கும் பாலக்காட்டுக்காரர். கறுப்புக் கோட்டு, அதன் பையில் எப்போதும் ஒரு விபூதிச் சம்புடம்.

இரண்டு நாள் அவர் மேஜை முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னடா சுப்பையா, தூண் மாதிரி வந்து நிக்கறே, போறே? லீவு வேணுமா?"

"புஸ்தகம்யா."

"யாருக்கு?"

"எங்க மாடனுக்குய்யா."

அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சென்னைப் புத்தகசாலை ஒன்றின் தடித்த அட்டவணையை எடுத்து, விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இருக்கு, கேட்டியா? அட்டை இல்லையாம். ஆனா இருக்கு."

"அப்போ வாங்கித் தாங்கய்யா."

"உனக்கு எப்படித் தருவா? புஸ்தகசாலைக்குப் புஸ்தகசாலைதான் தரும். மனுஷாளுக்குத் தராது. நம்ம யூனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றவன் ஒருத்தன் கேட்கணும். நீ என்ன ஆராய்ச்சி பண்றே?"

அவருடைய சகோதரியின் மகன் ராமு எம்.ஏ. பட்டத்துக்கு ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தான். விஷயம், பருத்தி விலை. மறுநாளே ராமு என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றான்.

"மாமா, என் ஸப்ஜெக்ட் காட்டன். இதுல மாடன் எங்க வர்றார்?"

"மாடன் வேஷ்டி உடுத்தலையாடா?"

"உடுத்துவார்ன்னுதான் நினைக்கிறேன்."

"வேஷ்டி எதுல பண்றா? எழுது."

ராமு எழுதினான். விண்ணப்பம் சூப்பரிண்டெண்ட் துரைக்குப் போயிற்று. அவர் ஒரு பார்சிக்காரர். நல்ல மனுஷர். சத்தம் ஒன்றைத் தவிர உலகத்தில் எதையும் வெறுக்காதவர். விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "காட்டன்?" என்று கேட்டார். "வில்லேஜ் ஸோர்ஸஸ், சார்" என்றான் ராமு. கையெழுத்து விழுந்தது.

சென்னையிலிருந்து பதில் வந்தது. அந்தப் புத்தகம் மதம் என்ற பிரிவில் இருக்கிறது, பருத்திக்காரருக்கு அது எதற்கு என்று கேட்டிருந்தார்கள். கிருஷ்ணய்யர் மத்தியானம் பூராவும் உட்கார்ந்து பதில் எழுதினார். அதில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. தபாலில் போட்டது நான். கனமாக இருந்தது.

கடைசியில் பார்சல் வந்தது. தலையணை அளவு. துணியை அறுத்தேன், உள்ளே அட்டைப்பெட்டி. அதற்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் காகிதம். காகிதத்துக்குள், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சிறு புத்தகம், அட்டையில்லாமல், குளிரில் நடுங்குகிற கோழிக்குஞ்சு மாதிரி. வழக்கம்போலத் தட்டத் துணியை எடுத்தேன். கிருஷ்ணய்யர் கையைப் பிடித்துவிட்டார். "தட்டாதேடா. அப்பிடியே உதிர்ந்துடும்."

கூடவே நிபந்தனைகளும் வந்திருந்தன. புத்தகம் வாசக அறையை விட்டு வெளியே போகக் கூடாது. விண்ணப்பித்தவர் ஒருவரே மேஜையில் உட்கார்ந்து வாசிக்கலாம். பென்சிலால் அவரே பிரதி எடுக்கலாம். வந்த நிலையிலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

இதில் சிக்கல் என்னவென்றால், விண்ணப்பித்த ராமுவுக்குத் தமிழ் வாசிக்க வராது. மாதுங்காவில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. ரயில்வே ஸ்டேஷன் பலகையை வாசிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்றுதான் போவான். எனக்கு வாசிக்க வரும். மேஜையில் உட்கார அனுமதியில்லை. இது நம் மாடனா, பக்கத்து ஊர் மாடனா என்று சொல்லத் தெரிந்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். அவருக்கு எழுத்தும் தெரியாது, உள்ளே வர அனுமதியும் கிடையாது.

கிருஷ்ணய்யர் நிபந்தனைகளை மறுபடி படித்தார்.

"நீ உட்காரக் கூடாதுன்னுதானே இருக்கு? நிக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்லை. சிப்பாய் புஸ்தகத்தைக் கையில பிடிச்சுண்டு நிக்கறது உத்தியோகம். ராமு பக்கத்துல நின்னு பிடிச்சுக்கோ. பிடிச்சுக்கறச்சே உன் வாய் கொஞ்சம் அசைஞ்சா யாருக்கு என்ன?"

"அண்ணாச்சிய்யா?"

அவர் ஒரு அனுமதிச் சீட்டை எடுத்து எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார். "பேச்சிமுத்து. ஆலோசகர். உப்பு."

4

அண்ணாச்சி வெளுத்த வேஷ்டியும் யாரிடமோ வாங்கிய கோட்டுமாக வந்தார். உப்பில் வெடித்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். வாசலிலேயே நான் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, உள்ள சத்தமே கூடாது. இருமக்கூடக் கூடாது. துரைக்குச் சத்தம்னா ஆகாது. என் வேலை போயிரும்."

"நான் ஏன்ல சத்தம் போடுதேன்? கதையைக் கேட்டுட்டு, நம்மாளுதானான்னு தலையை ஆட்டிட்டுப் போயிருதேன்."

உள்ளே போகும் வரை மூன்று தடவை சொன்னேன். கிருஷ்ணய்யர் தனியாகச் சொன்னார். சுவரில் இருந்த பலகையையும் ராமு வாசித்துக் காட்டினான். பாவம், அண்ணாச்சி மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.

ஜன்னலோரத்து மூலை மேஜை. ராமு உட்கார்ந்தான். அண்ணாச்சி எதிரில். நான் பித்தளைப் பொத்தான் கோட்டோடு ராமுவின் தோள் பக்கம் நின்று, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் காதோடு காதாக வாசித்தேன். தமிழில் எழுதினால் கை வேகமாக வராது என்று, கேட்டதை அப்படியே இங்கிலீஷ் எழுத்துகளில் பென்சிலால் எழுதினான். தூரத்தில் ஒரு வக்கீல் தூங்கிக்கொண்டிருந்தார். மின்விசிறி சுற்றியது. வாழ்நாளில் முதல் தடவையாக நான் பிறருக்கு வாசித்துக் காட்டுகிறேன், அதுவும் யாருக்கும் கேட்காமல். எனக்கு ஏற்ற வேலைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்புப் பாட்டு முடிந்தது. பிறப்பு வந்தது.

"உடைமுள்ளே தொட்டிலாக, ஊர்ப்பருந்தே தாதியாக…"

அண்ணாச்சி தலையை ஆட்டினார். நம்மாள்தான். அதோடு அவரை அனுப்பியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. கோயிலில் கதை வாசித்தால் சாமி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். லைப்ரரியில் வாசித்தாலும் அது கதைதான் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வரிக்குப் போனேன்.

"கரிசலிலே தவழ்ந்தாரே, காய்ப்பருத்தி வெடித்ததுவே…"

"பருத்தியா?" ராமு துள்ளிவிட்டான். "ஸ்டாப், ஸ்டாப். இன்னொரு தரம் சொல்லுங்கோ."

இன்னொரு தரம் சொன்னேன். மாடன் தவழ்ந்த இடமெல்லாம் பருத்தி வெடித்தது. ராமுவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடிக்கோடு போட்டான். அவன் போட்ட கோடு கோணிக்கொண்டு போயிற்று. மேஜை ஆடியது.

அண்ணாச்சியின் முழங்கால் மேஜைக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தது. மைக்கூடு கிணுகிணுத்தது. கோட்டுக்குள் தோள் குலுங்கியது. குடுமி அவிழ்ந்து விழுந்தது. ஊரில் நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் அண்ணாச்சி போடுகிற சத்தத்தில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அண்ணாச்சி முன்னால் குனிந்து, கண்கள் மேலே சொருக, உதடு மட்டும் அசைய, கிசுகிசுத்தார்.

"வந்துட்டேம்ல…"

சாமி ரகசியம் பேசியதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"இவருக்கு ஃபீவரா?" என்றான் ராமு.

சாமி வந்தால் யார், என்ன குறை என்று கேட்க வேண்டும். ஊரில் அதைக் கேட்பதற்குப் பெரிய ஆட்கள் உண்டு. அங்கே நான்தான் இருந்தேன். குனிந்து சாமியின் காதில் கேட்டேன்.

"யாரு வந்திருக்கது?"

"உடையடியான் வந்திருக்கேன்."

"என்ன கொறை சாமி?"

"நிக்க எடமில்ல. எம் மண்ணு மேல என்னை நிறுத்தல."

"ஊர்ல தர மாட்டேங்காவளே, சாமி."

"ஏட்டுக்குள்ள இருக்கு. எடுல."

அதற்குள் துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டது. அந்த அறையில் சத்தத்துக்கு உரிமையுள்ளது அந்தப் பூட்ஸ் ஒன்றுக்குத்தான். "க்யா ஹுவா இஸ்கோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்கு முன்னால் கிருஷ்ணய்யர் ஓடிவந்துவிட்டார்.

"மலேரியா, சார்."

துரை அண்ணாச்சியைப் பார்த்தார். நடுங்குகிற மனுஷன், ஆனால் ஒரு சத்தமில்லை. அவருக்கு அண்ணாச்சி மேல் பெரிய மரியாதை வந்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். தம் அறைக்குப் போய், அந்தக் காலத்தில் பம்பாய் பூராவும் தேடினாலும் கிடைக்காத கொயினா மாத்திரை ஒன்றும், ஒரு கிளாஸ் தண்ணீரும் தாமே கொண்டுவந்து நீட்டினார். கிடா வெட்டிப் படைத்தால்கூட முகம் திருப்புகிற சாமி, பார்சிக்காரர் கையால் கொயினாவை வாங்கி விழுங்கித் தண்ணீரும் குடித்தது. நெற்றியில் சூடு பார்ப்பதுபோலக் கிருஷ்ணய்யர் சம்புடத்து விபூதியை அழுத்திப் பூசினார். "பகவானே, சமத்தா மலையேறிடு, கேட்டியா" என்று வாய்க்குள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

இத்தனைக்கும் நடுவில் நான் சாமி சொன்னதைச் செய்துகொண்டிருந்தேன். தூசி தட்டும் துணியை மேஜையில் விரித்து, புத்தகத்தை விரித்துப் பிடித்து, முதுகில் மெதுவாக விரலால் தட்டினேன். தையலுக்குள்ளிருந்து கொஞ்சம் செம்மண் நிறத்தில் தூசி விழுந்தது. ஒரு செத்த பூச்சியும் விழுந்தது. துரை திரும்பிப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு நின்றார். பக்கத்தில் ஒருவன் காய்ச்சலில் நடுங்கினாலும் தூசி தட்டுவதை நிறுத்தாத சிப்பாய்! தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"என்னல இது, வாயெல்லாம் கசக்கு?"

நான் துணியை மடித்து அவர் கையில் வைத்தேன்.

5

சந்தில் பெரிய வாக்குவாதம். அண்ணாச்சிக்குச் சாமி வந்ததை நாலு பேர் பார்க்கவில்லையே என்றார்கள். பார்த்தவன் நான் ஒருவன், நானோ பேசாதவன். அந்தத் தூசி ஊர் மண் இல்லை, சென்னைத் தூசி என்றார் ஒருவர். ரயிலில் ஒட்டிய கரி என்றார் இன்னொருவர். அந்தக் கட்டுகள் கோயில் வளாகத்தில் கிடந்தவை, இந்தச் சிவப்பு வேறு எங்கிருந்து வரும் என்று நான் சொல்ல நினைத்தேன். சொல்வதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"அவன் வாயால சொன்னான், ஏட்டுக்குள்ள இருக்குன்னு. அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சோ?"

"சரி அண்ணாச்சி. கொடையன்னைக்கு வரட்டும். வந்தா மண்ணு நெசம். வராட்டி மண்ணும் பொய், வல்லயமும் தம்பிக்கு" என்றார்கள். தம்பி என்பது அந்தச் சித்தப்பா மகன். அவன் அப்போதே தரையில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த நாட்களில் நான் வாசிக்க வாசிக்க மிச்சத்தையும் எழுதி முடித்து, ராமு பிரதியைக் கொடுத்தனுப்பினான். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எங்கள் சந்தில் அதை வாசிக்கத் தெரிந்தது ஒரே ஒரு ஆள், என் மகள் முத்து. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிற பெண். வீட்டில் நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லும். தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க நான் உட்கார்ந்தால் அதற்குத் தலைவலி வரும்.

"மேரே கோ நை ஆத்தா, அப்பா. தமிழ் எனக்கு வாசிக்க வராதுல்ல?"

"இதைப் பாரு. தமிழ் எழுத்தா இது?"

வாங்கிப் பார்த்தாள். மெதுவாக இரண்டு வரி வாசித்தாள். நெற்றி சுருங்கியது.

"எழுத்து தெரியுது. ஆனா இது என்ன பாஷை?"

"உன் பாஷைதான்ட்டி."

பெண்பிள்ளை கதை வாசிக்கலாமா என்று இரண்டு பேர் முனகினார்கள். சண்முகத்தாய் மதினி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தார். "அப்போ நீரு வாசியும் வே. இந்தாரும்" என்று காகிதத்தை அவர்கள் மூக்குக்கு நேராக நீட்டினார். பேச்சு நின்றுவிட்டது.

யுத்தத்துக்காக ராத்திரி விளக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். கொடையை உச்சிப்பொழுதில் வைத்தோம். தூசியை மஞ்சள் துணியோடு பீடத்துக்கு அடியில் போட்டுப் பூசியாயிற்று. அண்ணாச்சி சல்லடமும் குல்லாயுமாக நின்றார். முத்து பக்கத்தில் நின்று வாசித்தாள். பாதி வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. இந்தி பேசுகிற நாக்கில் மாடன் கதை எங்கெங்கோ இடறி இடறி நடந்தது. "உடைமுள்ளே தொட்டிலாக" வந்தது. அண்ணாச்சி அசையவில்லை. பருத்தி வெடித்தது. அண்ணாச்சி அசையவில்லை. அதே டிராம், அதே காத்திருப்பு. ஆட்கள் திரும்பிச் சித்தப்பா மகனைப் பார்த்தார்கள். அவன் துண்டை இடுப்பில் கட்ட ஆரம்பித்தான்.

முத்து காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றைக்கு ராமு கேட்டுக்கொண்டபடி நான் இரண்டாவது தரம் சொன்னேனல்லவா, அவன் அதையும் அப்படியே எழுதியிருந்தான். எழுதியிருந்தபடியே அவள் மறுபடியும் வாசித்தாள்.

"கரிசலிலே தவழ்ந்தாரே, காய்ப்பருத்தி வெடித்ததுவே…"

மேளக்காரன் அடித்துக்கொண்டே இருந்தான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மதினிதான் முதலில் பார்த்தார். "ஏ, மேளத்தை நிறுத்துங்கலே!" என்று கத்தினார். மேளம் நின்றது. வல்லயத்தின் மணி மட்டும் தனியாகக் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் குல்லாய் விழுந்து குடுமி அவிழ்ந்திருந்தது. உதடு அசைந்தது.

அவ்வளவு பெரிய சந்து, ஒரு பிள்ளை அழவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தோம்.

"வந்துட்டேம்ல…"

மதினி தரையில் விழுந்து கும்பிட்டார். அவர் அழுத சத்தத்துக்கு, "உஸ்" என்றார்கள்.

அன்று முதல் எங்கள் மாடன் சத்தம் போடுவதில்லை. முதலில் வந்து இறங்கிய இடத்தின் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் கொடையில் மேளம் அடிப்பது சாமியை வரவழைக்க. வந்த பிறகு ஊசி விழுந்தால் கேட்கும். பெரியவருக்கு அது ரகசியம் பேசுவதாகப் பட்டதில் தப்பில்லை.

6

புத்தகத்தைத் திருப்பி அனுப்பும் நாள் வந்தது. பார்சல் கட்டும்போது கிருஷ்ணய்யர் கையை உயர்த்தினார்.

"நில்லுடா. வந்த நிலையிலேயே அனுப்பணும்ன்னு இருக்கு. வர்றச்சே அதுல தூசி இருந்துதோ இல்லையோ?"

"இருந்துதுய்யா."

"இப்போ இல்லை. நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் என்ன பதில் எழுதுவேன்?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஏணியைக் காட்டினார். நான் ஏறி, நான் எத்தனை துடைத்தாலும் மறுநாள் வந்துவிடுகிற மேல் அலமாரித் தூசியை ஒரு சிட்டிகை எடுத்துவந்தேன். அவர் புத்தகத்தை விரித்துப் பிடிக்க, நான் தையலுக்குள் தூவினேன். செத்த பூச்சிக்குப் பதில் பூச்சி வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்றார்.

தபாலாபீஸுக்கு நான் கொண்டுபோனபோது அண்ணாச்சி உப்பளத்தில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பார்சலை என் கையிலிருந்து வாங்கித் தாமே சுமந்தார், வழியில் எங்கேயும் தரையில் வைக்காமல். ஜன்னலில் கொடுத்த பிறகு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

துரை இன்றைக்கும் என்னைப் பார்த்தால், அந்த உப்புக்காரருக்கு மறுபடி காய்ச்சல் வந்ததா என்று கேட்பார். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறது என்று சொல்லியிருக்கிறேன். ராமு பட்டம் வாங்கிவிட்டான். அவனுடைய ஆராய்ச்சி எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், நம் மாடன் இருக்கிறார். நான் தினமும் துடைக்கிறேன்.

ஊர்ப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். மண்ணை நாங்கள் திருடவில்லை. இரவல் வாங்கினோம். திருப்பிக் கொடுத்தது அதே மண் இல்லை என்பதுதான் குறை. உங்களில் யாராவது சென்னைக்குப் போனால், அந்தப் புத்தகசாலையில் அட்டையில்லாத நம் மாடன் கதையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தையலுக்குள் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தூசி இருக்கும். அது பம்பாய்த் தூசி. தயவுசெய்து தட்டிவிடாதீர்கள். அடுத்த கொடைக்கு ஊருக்கு வருகிறோம் என்று நாங்கள் எல்லோரும் வருஷாவருஷம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்களில் ஊருக்குப் பாதி வழியாவது வந்து சேர்ந்தது அந்தத் தூசி ஒன்றுதான்.